முதல் மணியில் எடுப்பவர்கள்

1

மட்டக்களப்பில் இருக்கும் எங்கள் தொலைபேசி அழைப்பு அறைக்கு இந்த வாரம் ஒரு வயது நிரம்பியது. கேக் வெட்டிய படத்தை அங்கிருந்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளை ஐசிங்கின் மேல் நீல எழுத்தில் ‘ஹலோ’ என்று மட்டும் இருந்தது. மிச்சத்தை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“ஹலோக்குப் பிறகு நம்மள ஆரு அக்கா கதைக்க விட்ட? அது காணும்” என்று அங்கே வேலை செய்யும் பர்ஹானா குரல்பதிவு அனுப்பினாள். பின்னால் மற்றவர்கள் சிரிக்கும் சத்தம்.

மெல்பேர்னில் அப்போது மதியம் தாண்டியிருந்தது. அலுவலகச் சமையலறையில் மைக்ரோவேவ் முன்னால் சோற்றுப் பெட்டியுடன் வரிசையில் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். சிரிப்பும் வந்தது, அலுப்பும் வந்தது. இந்த ஒரு வருடத்தில் என்ன செய்தாய் என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எதையும் இலக்கமிட்டு எழுதுவது என் பழக்கம். இலக்கம் இருப்பதால் எல்லாம் வரிசையாக நடந்தது என்று வாசிப்பவர்கள் நினைத்துவிட வேண்டாம்.

2

என் ஊர் கிரான். படித்தது தகவல் தொழில்நுட்பம். இங்கே வந்து இரண்டு மூன்று வேலைகள் மாறி, நிறுவனங்களுக்கு ஆட்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு கம்பனியில் தரவுப் பிரிவில் சேர்ந்தேன். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிறு நகரங்களில் ஹோட்டல்களுக்குச் சமையல்காரர்கள் கிடைப்பதில்லை. பாசிக்குடாவிலும் திருகோணமலைப் பக்கத்திலும் நல்ல சமையல்காரர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் சும்மா சொல்லிவைத்தேன். எங்கள் முகாமையாளர் கிரேக் அதைப் பிடித்துக்கொண்டார். சில மாதங்களில் மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, வாவியைப் பார்த்த ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். வாவி தெரியும், காற்று வராது. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஹோர்ன் சத்தம் அழைப்புக்குள் வந்துவிடும்.

அந்த அறையில் இருப்பவர்கள் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, உங்களுக்கு வேறு வேலை வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் இதைக் கோல்ட் கோல் என்பார்கள். எண்கள் திருடியவை அல்ல. ஹோட்டல் பயிற்சி முடித்தவர்களும் முன்பு எங்காவது வேலைக்கு விண்ணப்பித்தவர்களும், தொடர்புகொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டு கொடுத்தவை. கொடுத்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இப்படித் தொலைபேசி எடுத்து ஆள் தேடப் பழக்குவது என் வேலை ஆனது. காரணம் என் திறமை அல்ல. எங்கள் மெல்பேர்ன் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினேன்.

“அப்ப ஆள் சேர்க்கிற வேலை எண்டு சொல்லு.”

“ஓம் அம்மா, அப்படித்தான்.”

“அந்தக் கதைய இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லாத. கொம்பியூட்டர் வேலை எண்டே சொல்லுறன்.”

யுத்த காலத்தில் இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் பிள்ளைகளை வயல்வாடிகளிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் ஒளித்துவைத்த ஊர் அது. அம்மா சொன்னதில் பிழை இல்லை. நான் இன்றுவரை கிரானில் கொம்பியூட்டர் வேலைதான் பார்க்கிறேன்.

3

நான் படிப்பிப்பவை இவை:

சிரித்துக்கொண்டு பேசு, சிரிப்பு குரலில் தெரியும்.

முதல் வாக்கியத்திலேயே உன் பெயரைச் சொல்லு.

வணக்கம் சொன்னதும் நிறுத்து. மற்றவர் பேசும்வரை பொறு. பேசாமல் இருக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அவர் உன்னை நம்பத் தொடங்குகிறார்.

எடுக்காவிட்டால் உடனே இன்னொருமுறை எடு. இரண்டாவது முறை எடுப்பார்கள்.

வேண்டாம் என்றால் நன்றி சொல்லு.

இந்தப் பாடத்தை மெல்பேர்னில் எத்தனையோ பேருக்கு நடத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது முதல் நாளே படுத்துவிட்டது. எங்கள் ஆட்களிடம் தெரியாத எண்ணிலிருந்து யாராவது பெயரைக் கேட்டால் பெயர் வராது, கேள்விதான் வரும். பர்ஹானா ஏறாவூர்ப் பிள்ளை, வாய்க்காரி. அவளுடைய முதல் அழைப்பின் பதிவு என்னிடம் இன்னும் இருக்கிறது.

“வணக்கம், நான் பர்ஹானா கதைக்கிறன்.”

“எந்தப் பர்ஹானா?”

“மட்டக்களப்பில இருந்து கதைக்கிறன், நாங்க வந்து வேலை விசயமா…”

“மட்டக்களப்பில எங்க?”

“நம்மட ஊர் ஏறாவூர்.”

“ஏறாவூர்ல எங்க? வாப்பாட பேர் என்ன?”

“வாப்பா கடை வச்சிருக்காரு.”

“என்ன கடை? பள்ளிக்கு முன்னுக்கா, பின்னுக்கா?”

இப்படியே போய், கடைசியில் அந்த மனிதர் “சரி புள்ள, வாப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். பர்ஹானா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைப்பதைத் திரையில் பார்த்தேன். “அக்கா, என்ட கலியாணத் திகதியத் தவிர எல்லாம் அந்தாளுக்குத் தெரியும். அந்தாள்ர பேர் கூட எனக்குத் தெரியா.”

இன்னொரு கூத்தும் நடந்தது. பட்டியல் மெல்பேர்னிலிருந்து போகிறது. இங்கே எல்லோரையும் குடும்பப் பெயரால் அழைப்பார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம். அதனால் திரையில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாகத் தகப்பனின் பெயர் விழுந்தது. அறையில் எல்லோரும் ஒரு கிழமை முழுவதும் தகப்பன்மாரைத் தேடினார்கள்.

“கந்தையா அவர்களோட கதைக்கலாமா?” என்று பர்ஹானா கேட்டாள்.

“கதைக்கிறதெண்டா நீங்கதான் போகணும். அவர் போய்ச் சேந்து கன வருசம்” என்று ஒரு பெண் குரல் சொன்னது.

இது கணினியில் ஒரு வரியில் திருத்தக்கூடியது. எனக்கே செய்யத் தெரியும். ஆனால் என் கையால் செய்ய அனுமதி இல்லை. மாற்றக் கோரிக்கை என்று ஒரு படிவம் உண்டு. அதை ஒருவர் பரிசீலிக்க வேண்டும், இன்னொருவர் ஏற்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘இறந்தவர்களை அழைக்கிறோம்’ என்று எழுதினேன். விளக்கம் போதாது என்று திரும்பி வந்தது. நானும் இங்கே மிஸ் நடராசாதான். என் அப்பாவின் பெயர் அது. பல் வைத்தியரிடம் ஒரு நாள் என் கணவரையும் மிஸ்டர் நடராசா என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய், மாமனார் வரவில்லை என்று சொன்னார். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

4

இங்கே என் நாள் இப்படி. காலையில் மகள் ஆதிராவைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு டண்டினோங்கில் ரயில் ஏறுவேன். முற்பகலில் நேற்றைய பதிவுகளைக் கேட்பேன். மதியத்துக்குப் பிறகு ஊரில் காலை வேலை தொடங்கும். அறையில் ஒவ்வொருவராக வந்து திரையில் முகம் காட்டுவார்கள். ஊர்க் குரல்களைக் காதுக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தால் கார் தரிப்பிடமும் மொட்டை மரங்களும் தெரியும். மாலையில் திரும்பும்போது ரயிலில் யாராவது சத்தமாகத் தொலைபேசியில் பேசினால் எழுந்து வேறு பெட்டிக்குப் போகிறேன்.

ஆதிராவுக்கு ஐந்து வயது. வீட்டில் சில நாட்கள் நான் பாடம் நடத்துவதைக் கேட்டிருக்கிறாள். தொலைக்காட்சி ரிமோட்டைக் காதில் வைத்து, “ஹாய், இஸ் திஸ் எ குட் டைம்?” என்று பொம்மைகளிடம் விசாரிப்பாள். பிறகு நிறுத்திப் பொறுத்திருப்பாள். நிறுத்தும் அளவு சரியாக இருக்கும். ஆனால் கிரானிலிருந்து அம்மா வீடியோவில் வந்தால் ஓடிப்போவாள். வற்புறுத்தினால், “கோல் மீ லேட்டர்” என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

“என்னவாம் உன்ட மகள்?”

“பிறகு எடுக்கட்டாம் அம்மா.”

“எனக்கொரு அப்பொயின்மென்ட் வாங்கித் தாவன். உன்ட ஒபிசில குடுக்கிறதானே.”

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். அழைப்பு முடிந்த பிறகு சமையல் மேசையைத் தேவையில்லாமல் இன்னொருமுறை துடைப்பேன்.

5

இனிச் சர்மிளாவின் விசயம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சர்மிளா பனிச்சங்கேணிப் பிள்ளை. வார நாட்களில் கல்லடியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வருவாள். அறையில் எல்லோரையும் விட மெதுவாகப் பேசுபவள்; எல்லோரையும் விட அதிகம் பேரை நேர்முகத்துக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். தகுதிகாண் காலம் முடியப் போகிறது. முடிந்ததும் நிரந்தரம் ஆக்க வேண்டும். நிரந்தரம் கிடைக்காவிட்டால் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, பர்ஹானா சொன்னாள். கடவுச்சீட்டு ஏற்கெனவே முகவரிடம் இருந்தது. வீட்டில் அவளுக்குக் கீழே படிக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். தகப்பனுக்கு வாவியில் முன்பு போல மீன் படுவதில்லை.

ஒரு நாள் கிரேக் என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் காட்டினார். ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் அதன் முடிவைக் கணினியில் தெரிவுசெய்ய வேண்டும்: எடுக்கவில்லை, விருப்பமில்லை, பிறகு எடுக்கவும், தவறான எண் என்று. தவறான எண் என்று தெரிவுசெய்தால் அந்த எண் எல்லாப் பட்டியலிலிருந்தும் போய்விடும். சர்மிளாவின் பக்கத்தில் மட்டும் தவறான எண்கள் மற்றவர்களை விட அதிகமாக இருந்தன.

“இவற்றில் சிலதை நானே கேட்டேன். மொழி விளங்காவிட்டாலும் பெயர் விளங்குகிறது. எண் சரி. அவள் பொய்யாகப் பதிகிறாள்” என்றார்.

“நான் கேட்டுப் பார்க்கிறேன்.”

“கேளுங்கள். ஆனால் பொய்யாகப் பதிபவர்களை நாங்கள் வைத்திருப்பதில்லை. அது உங்களுக்குத் தெரியும்.”

தெரியும். அந்த விதியைப் பாடத்தில் எழுதியவள் நான்.

6

அன்று பின்னேரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். முதல் பதிவில் மணி முழுதாக ஒரு தடவை ஒலிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார்கள். சர்மிளா வணக்கம் என்றாள். நான் படிப்பித்தபடி நிறுத்தினாள். அந்த நிறுத்தத்துக்குள் வயதான ஒரு பெண் குரல் கேட்டது:

“மகன்?”

அவ்வளவுதான். யார் என்று கேட்கவில்லை. எந்த ஊர், யாருடைய மகள் என்று ஒன்றும் கேட்கவில்லை. சர்மிளாவும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண், “மனே, கதையன். லைன் கிளியர் இல்லயா?” என்றார். அதன் பிறகுதான் சர்மிளா மெதுவாக, “மன்னிச்சிருங்க அம்மா, திலக்சனுக்கு எடுத்தன்” என்றாள். “ஓ, சின்னவனுக்கா” என்றது குரல். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அடுத்த பதிவும் அப்படி. அதற்கடுத்ததும். வேறு வேறு வீடுகள், வேறு வேறு பெண்கள். எல்லோரும் முதல் மணியில் எடுத்தார்கள்.

எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் தொலைபேசி எண் நிலைப்பதில்லை. எந்தக் கம்பனி டேட்டாவை மலிவாகத் தருகிறதோ அந்தச் சிம்முக்கு மாறுவார்கள். ஹோட்டலில் வேலை செய்பவர்களுக்குப் பருவத்துக்கு ஓர் எண். ஆனால் சில வீடுகளில் தாயின் எண் மட்டும் மாறாது. யுத்த காலத்தில் காணாமல் போன பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்த எண் அது. எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு இருந்தது. வெள்ளத்தில் மின்சாரம் போன நாட்களில் அந்த அம்மா அந்த ஒரு போனைச் சார்ஜ் போடுவதற்காக வாழைச்சேனைக்குப் பஸ் ஏறுவார். விண்ணப்பத்தில் நிரந்தரத் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் வந்தால் மிச்சப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? வீட்டில் இருக்கும் ஒரே நிரந்தர எண்ணைத்தான்.

அந்தத் தாய்மாருக்கு இனி எங்கள் அறையிலிருந்து மணி அடிக்கக் கூடாது என்று சர்மிளா நினைத்திருக்கிறாள். அதற்குக் கணினியில் இருந்த ஒரே வழி ‘தவறான எண்’.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்து மேசையில் யாருடைய பிறந்தநாளோ, பாடிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

7

அடுத்த மாதம் எனக்கு ஊருக்குப் போக விடுமுறை இருந்தது. அதுவரை பொறுக்கும்படி கிரேக்கிடம் கேட்டேன். பொறுத்தார். போவதற்கு முதல்நாள் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. கேட்டுவிட்டுத் தன் பேனையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“என் அம்மாவாக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்” என்றார். பிறகு, “ஆனால் யோசித்துப் பாருங்கள். இவர்கள் கட்டாயம் எடுக்கிறார்கள். சொன்னதை மகனிடம் கட்டாயம் சொல்கிறார்கள். நம்மிடம் இருக்கும் எண்களில் இவற்றை விட நல்லவை இல்லை. அந்த வீடுகளில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு நாம் வேலைதானே கொடுக்கிறோம்? வேலை கிடைக்காமல் செய்வது நல்லதா?”

அவர் முடிவு சொன்னார். தவறான எண் என்று போட்டதையெல்லாம் சர்மிளா திரும்பப் பட்டியலில் சேர்த்து, திரும்ப எடுக்க வேண்டும். எடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் மாத முடிவோடு சரி.

மட்டக்களப்பு அறைக்குள் போனபோது, திரையில் மட்டும் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் நான் நினைத்ததை விடச் சிறியவர்களாக இருந்தார்கள். பர்ஹானா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, நீங்க டிவியில இன்னும் உசரம்.”

“உட்கார்ந்திருந்தா எல்லாரும் உசரம்தான்.”

பிளேன்டீ வந்தது. கதவை மூடிவிட்டு, சர்மிளாவைப் பக்கத்தில் இருத்திக் கிரேக் சொன்னதைச் சொன்னேன். பர்ஹானாவை வெளியே போகச் சொல்லவில்லை. சொன்னாலும் போயிருக்க மாட்டாள்.

சர்மிளா தேநீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, “அக்கா, நீங்களும் கேட்டீங்கதானே? அந்த ‘மகன்’ எண்டுற?”

“கேட்டன்.”

“நீங்க சொல்லித் தந்தமாதிரி நான் நிப்பாட்டினதாலதான் அப்படிக் கேட்டவ. ஒரு நாளைக்கு ஒரு ஆள் எண்டாலும் ராவைக்கு எனக்குச் சோறு இறங்காது. நான் குவைத்துக்கே போறன். அங்க பாத்திரம் கழுவினாலும் ஒரு தாய ஏமாத்தத் தேவல்ல.”

“ஓம், போ போ” என்றாள் பர்ஹானா. “அங்க வீட்டுக்காரி முதல் நாளே உன்ட போன வாங்கி வச்சிருவா. மறுகா பனிச்சங்கேணியில உன்ட அம்மா முதல் மணியில எடுத்துட்டு இரிப்பா.”

“வாய மூடு பர்ஹானா” என்றாள் சர்மிளா.

“ஏன் மூட? அந்தத் தாய்மார் அழப்படாது, உன்ட அம்மா அழுதா பரவால்லயா எண்டு கேக்கன்.”

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டுச் சண்டை பிடித்தார்கள். சர்மிளா கோபத்தோடு எழுந்து தன் மேசைக்குப் போனாள். அவள் பையை எடுக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஹெட்போனை எடுத்தாள்.

“என்ட சொல்லிலதான் கதைப்பன். நீங்க எழுதின சொல்லில இல்ல.”

“சரி.”

“இடையில நிப்பாட்டவும் மாட்டன்.”

“சரி சர்மிளா.”

முதல் எண் திலக்சனின் தாயினுடையது. நான் இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மணி முழுதாக ஒலிக்கவில்லை. எடுத்த சத்தம் கேட்டதும் சர்மிளா மூச்சு விடாமல் சொன்னாள்:

“அம்மா இது வேலைக் கோல், ஹோட்டல் வேலைக் கோல், மட்டக்களப்பில இருந்து சர்மிளா கதைக்கிறன்.”

அந்தப் பக்கத்திலிருந்து, “ஓம் புள்ள. முந்தியும் எடுத்தது நீதானே? குரல் தெரியுது. மறுகா ஏன் எடுக்கல்ல?”

சர்மிளா இதை எதிர்பார்க்கவில்லை. “உங்களுக்குக் கரைச்சல் குடுக்கப்படாதெண்டு அம்மா.”

“என்ன கரைச்சல்? மணி அடிச்சாத்தானே மகள் போன் வேலை செய்யிதெண்டு தெரியும். கன நாளைக்கு ஒண்டும் வராட்டி, பழுதாகிற்றோ எண்டு பக்கத்து வீட்டாக்களக் கெஞ்சி அடிச்சுப் பாக்கிறன். அவங்களும் எத்தினதரம்தான் அடிப்பாங்க?”

சர்மிளாவின் குரல் மாறவில்லை. வேலையைப் பற்றிச் சொன்னாள்: எந்த நாடு, என்ன சமையல், யாருடன் பேச வேண்டும், நேர்முகம் எப்படி நடக்கும் என்று. அந்தத் தாய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். நான் பழக்கிய எவரும் அவ்வளவு கவனமாகத் திருப்பிச் சொன்னதில்லை.

“அப்ப இவன் நல்லாத் தூரத்துக்குத்தான் போகணும்.”

“ஓம் அம்மா. தூரம்தான்.”

“இவனும் போனா நான் தனியத்தான் இரிக்கணும்.” பிறகு, “பெரியவனக் கொண்டுபோனாக்கள் மாதிரி அங்க வீட்டுக்கு வந்து பேர் கேக்க மாட்டாங்கதானே புள்ள?”

சர்மிளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

“இல்லம்மா. கேக்க மாட்டாங்க.”

“அப்ப போகட்டும். இண்டைக்கே சொல்லுறன்.”

சர்மிளா நன்றி சொன்னாள். வைக்கப் போனாள். அந்தப் பக்கம் வைக்கவில்லை.

“நாளைக்கும் எடுப்பியா?”

எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று பக்கம் பக்கமாக அறையில் உள்ளவர்களுக்கு எழுதிக் கொடுத்தவள் நான். இது அந்தப் பக்கங்களில் இல்லை. சர்மிளா இந்தமுறை என்னைப் பார்க்கவும் இல்லை.

“நாளைக்கு ஏலாதும்மா. அடுத்த கிழம எடுக்கிறன்.”

“சரி மகள். ஆறுதலா எடு. நான் இஞ்சதான் இரிப்பன்.”

வைத்த பிறகு அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பர்ஹானா தன் தேநீரை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். சர்மிளா அதைக் குடிக்கவில்லை. அடுத்த எண்ணை அழுத்தினாள்.

8

சர்மிளாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. முகவரிடமிருந்து கடவுச்சீட்டைத் திரும்ப வாங்க அவள் தகப்பன் பலமுறை அலைய வேண்டியிருந்தது, கடைசியில் கொடுத்துவிட்டார்கள்.

நான் திரும்பி வந்து பாடத்தைத் திருத்தினேன். முதல் மணியில் எடுத்தால் நிறுத்தாதே; யார், எதற்காக என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடு என்று சேர்த்தேன். மாற்றக் கோரிக்கைப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தது. ‘அழைப்பின் தெளிவுக்காக’ என்று எழுதினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். கிரேக்குக்கு அது பிடித்துப்போய், வேறொரு நாட்டில் புதிதாகத் தொடங்கியிருக்கும் அறைக்கும் அனுப்பச் சொன்னார். அங்கே முதல் மணியில் எடுப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அங்கும் இருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. அனுப்பிவிட்டேன்.

திலக்சன் நேர்முகத்தில் தேறிவிட்டான். அவனுடைய கோப்பு இப்போது விசாப் பிரிவில் இருக்கிறது. எங்கள் அறைக்கு அவனோடு இனி வேலை இல்லை. அந்த எண்ணுக்கு எடுக்கத் தேவையும் இல்லை. ஆனால் கிழமைக்கொருமுறை அது பதிவில் வருகிறது. சர்மிளாவுக்குக் காய்ச்சல் என்றால் பர்ஹானா எடுத்திருப்பாள். பெரும்பாலும் மழையைப் பற்றி, கோழியைப் பற்றி, பாசிக்குடா ஹோட்டலிலிருந்து திலக்சன் எப்போது வந்தான் என்பதைப் பற்றிய பேச்சு. முற்பகலில் மற்றப் பதிவுகளுக்கு நடுவில் நான் அதை முழுதாகக் கேட்கிறேன்.

போன மாதம் கிரேக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் மேசைக்கு வந்தார். முடிந்த கோப்பு ஒன்றுக்கு மட்டக்களப்பிலிருந்து இன்னும் அழைப்புப் போகிறதே, இது என்ன என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். தெரியாததுபோல எண்ணை ஒருமுறை வாசித்தேன்.

“பயிற்சி அழைப்பு” என்றேன்.

“சரி” என்று எழுதிக்கொண்டு போனார்.